வாசல் ஆர்ச்சில் ரங்கூன் மல்லி: முதல் ஒன்றரை வருடம்

தெரு கேட்டுக்கு மேலே ஒரு பூக்கொடி ஏற்றலாம் என்று பேச்சு எழுந்ததுமே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. மனைவி காகிதப்பூ என்றார். அம்மா ஜாதிமல்லி என்றார். நான் ரங்கூன் மல்லி. காகிதப்பூ வெயிலுக்கும் வறட்சிக்கும் அசராது, நிறமும் அள்ளும், ஆனால் முள். பள்ளிப் பிள்ளைகள், தண்ணீர் கேன் போடுகிறவர், கூரியர்காரர் என்று எல்லோரும் தலையை உரசிக்கொண்டு வருகிற இடத்தில் முள்கொடி வேண்டாம் என்று மனைவியே சொல்லிவிட்டார். ஜாதிமல்லி பறிப்பதற்கான பூ. எட்டடி உயரத்தில் மொட்டு விட்டால் தினமும் ஏணி போட யாரால் முடியும்? அது மாடியில் ஒரு தொட்டிக்குப் போனது. அம்மாவுக்கு அதில் திருப்திதான்.

மிச்சம் இருந்தது ரங்கூன் மல்லி. பெயரில் மல்லி இருந்தாலும் மல்லிகைக்கும் இதற்கும் உறவு கிடையாது. மருதமரம், கடுக்காய், தான்றி, நாட்டு வாதாம் எல்லாம் அடங்கிய குடும்பத்துக் கொடி இது. நர்சரிகளில் குவிஸ்குவாலிஸ் என்ற பழைய பெயரைச் சொன்னால் சட்டென்று எடுத்துக் கொடுப்பார்கள். இப்போதைய தாவரவியல் பெயர் காம்ப்ரீட்டம் இண்டிகம். வடக்கே மதுமாலதி. இருட்டுகிற நேரத்தில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் அடர் சிவப்பாகிற பூ. ஒரே கொத்தில் மூன்று நிறமும் சேர்ந்து தொங்கும். சென்னையில் பழைய வீட்டு கேட்டுகளில் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

பார்த்திருந்தால் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அநேக வீடுகளில் பூவெல்லாம் மொட்டை மாடியில் இருக்கும். கேட் மட்டத்தில் கட்டை விரல் தடிமனில் நாலைந்து இலையில்லாத் தண்டுகள் மட்டும். கீழே வெறுங்கால், உச்சியில் கொண்டை. முதல் வருடத்தில் யாரும் அதை மறித்து வளைக்காமல் விட்டதால் வருவது இது. பிறகு எத்தனை வெட்டினாலும் அடியை மூடுவது கஷ்டம். அதனால் இந்தப் பதிவில் பூவைவிட அந்த முதல் வருட வளைப்பும் வெட்டும்தான் அதிகம் இருக்கும்.

செடியும் குழியும்

ஆடி பிறந்த பிறகு, ஜூலை கடைசியில் வாங்கினோம். எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். கோடை தணிந்து அவ்வப்போது சாயங்கால மழை வருகிற அந்த நேரம் நடவுக்கு வசதி. ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைத்துவிடும்.

நர்சரியில் இரண்டு விதமாக வைத்திருந்தார்கள். ஒன்று, மூங்கில் குச்சியில் கட்டி ஆளுயரத்துக்கு ஏற்றிய ஒற்றைத் தண்டு, நுனியில் ஒரு பூங்கொத்து. மற்றது முழங்கால் உயரம்கூட இல்லாமல் அடியிலேயே மூன்றாகப் பிரிந்த குட்டைச் செடி. விலை பாதி. கடைக்காரர் உயரமானதைத்தான் எடுத்து முன்னால் வைத்தார். "இது ஏறிடுச்சு சார், கொண்டுபோய் வெச்சா அடுத்த மாசமே பூக்கும்." அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தத் தண்டின் அடியில் இரண்டடிக்கு இலையும் இல்லை, துளிரும் இல்லை. அதை அடியிலிருந்து கிளைக்க வைக்க வேண்டுமென்றால் கீழே இறக்கி வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிப் போடப் போகிற உயரத்துக்கு எதற்கு இரட்டை விலை? குட்டையை எடுத்தேன். வாங்கும்போது பையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கியிருந்தால் பிடுங்கும்போதே நல்ல வேர் போய்விடும். அந்தச் செடி வேண்டாம்.

அடுக்குப் பூ, ஒற்றைப் பூ என இரண்டு உண்டு. கடைகளில் அடுக்குதான் அதிகம். எனக்கு ஐந்து இதழும் நீளக் குழலும் தெளிவாகத் தெரிகிற ஒற்றைதான் பிடிக்கும், அதனால் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

கேட் தூணுக்கு உட்பக்கம், மதிலிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் குழி. நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒன்றரை அடி. கீழே ஒட்டும் களிமண், அதற்கு மேலே வீடு கட்டியபோது கொட்டிவிட்டுப் போன சிமென்ட் கட்டி, செங்கல் துண்டு, சுண்ணாம்பு. மதிலோரம் நடுகிற எல்லோருக்கும் இந்தச் சொத்து கிடைக்கும். சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணில் காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிறி வரும். தண்ணீர் போதவில்லை போல என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அந்த வம்பே வேண்டாம் என்று கட்டி, காரை எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டேன்.

நிரப்பியது: செம்மண் இரண்டு பங்கு, தோண்டிய மண்ணில் சுத்தமானது ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கைப்பிடி. சாம்பல் போடச் சொன்னார் அம்மா. சாம்பலில் பொட்டாஷ் சத்து உண்டு, பூவுக்கு நல்லதுதான். ஆனால் அதுவும் காரம். எங்கள் போர் தண்ணீரே உப்பாக இருக்கும்போது சாம்பலும் சேர வேண்டாம் என்று விட்டோம். செடியைத் தரை மட்டத்துக்கு நாலு விரற்கடை மேடாக நட்டேன், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினாலும் அடித்தண்டு மூழ்காமல் இருக்க.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. உப்புத் தண்ணீர் மட்டுமே ஊற்றினால் இளஞ்செடியின் இலை ஓரம் கருகும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர். எங்களைப் போல உப்பு போர் உள்ளவர்கள் அதைச் செய்யக் கூடாது. வடிகட்டின உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. மாறாக ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. ராத்திரி முழுக்க ஒரு பக்கெட் நிறையும். முதல் கோடையில் இந்தச் செடி பாதி அந்த ஏசி தண்ணீரில்தான் வளர்ந்தது.

புதராக நின்ற மாதங்கள்

நட்டபின் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாதங்கள் போயின. செடி தழைத்தது. ஆனால் ஏறவில்லை. இடுப்புயரத்துக்கு ஒரு புதர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாமி கோலம் போட வரும்போதெல்லாம் கேட்பார்: "என்ன தம்பி, கொடின்னு சொல்லி உங்களை நல்லா ஏமாத்திட்டான் போலிருக்கே?"

ரங்கூன் மல்லியின் வளர்ச்சி இரண்டு கட்டம். இளஞ்செடி ஏறக்குறைய அரை வருடம் வெறும் புதராகத்தான் இருக்கும். சிறு கிளைகள், நெருக்கமான இலைகள். அதற்குப் பிறகுதான் அடியிலிருந்து வேறு மாதிரியான தண்டு கிளம்பும்: தடியாக, நேராக, கணுவுக்குக் கணு நல்ல இடைவெளியோடு. ஏறுகிற கொடி அதுதான். இது தெரியாமல் புதர்க் கிளைகளை இழுத்துக் குச்சியில் கட்டி, கொடியாக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கிளைகள் வளையாது, ஒடியும். சிலர் பொறுமை இழந்து உரத்தைக் கொட்டுவார்கள். ஒன்றும் தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் நான் செய்த ஒரே வெட்டு, புரட்டாசியில் மூன்று கிளைகளின் நுனியையும் இரண்டு கணு அளவுக்குக் கிள்ளியது. நுனி மொட்டில் உருவாகிற ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. நுனியை எடுத்தால் அந்தப் பிடி தளரும், பக்கத்து மொட்டுகள் விழிக்கும். ரங்கூன் மல்லியில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும் என்பதால், ஒரு கிள்ளுக்குப் பெரும்பாலும் இரண்டு துளிர். அடி பருத்தது. மார்கழியில் கொடி கிளம்பியபோது அந்தப் பருத்த அடியிலிருந்துதான் மூன்றும் வந்தன.

ஆர்ச்

கொடி கிளம்புவதற்குள் ஆர்ச் நின்றாக வேண்டும். பெயின்ட் அடிப்பதும் அதற்குள்தான். ஏறிய பிறகு பெயின்ட் பிரஷ் உள்ளே நுழையாது.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் முக்கால் அங்குல பைப்பில் போட்ட ஆர்ச் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் கொடியோடு சேர்ந்து மடங்கிக் காரின் மேல் விழுந்திருந்தது. காற்றில்லாத நாளில் கொடியின் எடையைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. மழையில் நனைந்த இலைக்கூட்டம் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். வெல்டர் முதலில் கேட் தூணிலேயே கிளாம்ப் அடித்து நிறுத்திவிடலாம் என்றார். "தூண்ல மாட்டினா செலவு கம்மி சார்." எனக்கு மனமில்லை. கொடி ஆட, தூண் விரிசல் விடும். தனியாக இரண்டடி ஆழத்தில் கான்கிரீட்டில் கால் ஊன்றச் சொன்னேன். ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பில் முன்னும் பின்னுமாக இரண்டு வளைவு, இடையே ஓரடி அகலம், ஓரடிக்கு ஒரு குறுக்குக் கம்பி. உயரம் எட்டடி, அகலம் பத்தடி. ஆக ஒவ்வொரு காலும் ஒரு ஏணி. இந்த ஏணி வடிவம்தான் பிறகு எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது.

பைப்பின் மேல் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். இரண்டு காரணம். மே மாத வெயிலில் பெயின்ட் அடித்த இரும்பைத் தொட முடியாது, அதில் சாய்ந்த இளந்தண்டு வெந்துபோகும். இன்னொன்று, வழவழப்பான பைப்பில் ரங்கூன் மல்லிக்குப் பிடிமானம் கிடைக்காது. இதற்குப் பட்டாணி போலப் பற்றுக்கம்பி கிடையாது. இலை உதிரும்போது காம்பின் அடிப்பகுதி மட்டும் தண்டில் தங்கி, காய்ந்து, கொக்கியாகிவிடும். அந்தக் கொக்கியை எதிலாவது மாட்டித்தான் ஏறும். நார்க் கயிறு அதற்கு வாகாக இருந்தது.

வளைப்பு

மார்கழிக் கடைசியில் மூன்று கொடிகள். தினமும் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. மாமி வாயடைத்துப் போனார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் "இனிமே இதை அடக்க முடியாது பாருங்க" என்று புது ஆரூடத்துக்கு மாறிவிட்டார்.

மூன்றில் தடித்த இரண்டை வைத்துக்கொண்டேன். மூன்றாவதை அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினேன். அந்த இரண்டு கணுவிலிருந்தும் தாமதமாக வருகிற துளிர்கள்தான் ஆர்ச் காலின் முதல் இரண்டடியை மூடப் போகிறவை. இது முக்கியம். முதல் வருடத்திலேயே கீழே நாலு தண்டு பாதியில் நிற்க வேண்டும்.

மீதி இரண்டையும் நேராக மேலே விட்டால் ஒரு மாதத்தில் உச்சியைத் தொட்டிருக்கும். பூவும் அங்கேதான் வரும். அதனால் முதல் கொடியை ஏணியில் இடம் வலமாக வளைத்து வளைத்து ஏற்றினேன்: முன் பைப்பிலிருந்து பின் பைப்புக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக ஒரு ஓட்டம், அங்கே ஒரு திருப்பம், அடுத்த குறுக்குக் கம்பியில் திரும்ப முன்னுக்கு. நிமிர்ந்த தண்டில் நுனி மொட்டு ஒன்றுக்குத்தான் அதிகாரம். அதையே படுக்க வைத்தால் அந்த அதிகாரம் குறைந்து, தண்டு நெடுக மேல்பக்கம் பார்த்த கணுக்களெல்லாம் துளிர்க்கும். வெட்டாமலே வெட்டின பலன். இரண்டாவது கொடியை நாலடி வரை நிமிர்ந்தே விட்டு, அதற்கு மேலே இதேபோல வளைத்தேன். ஒன்று கீழ்ப்பாதிக்கு, மற்றது மேல்பாதிக்கும் வளைவுக்கும்.

வளைக்கும்போது சில விஷயங்கள். காலையில் தொடாதீர்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்து விறைத்து நிற்கிற தண்டு சட்டென்று ஒடியும். மதியம் மூன்று மணிக்கு மேல் சற்றுத் துவண்டிருக்கும்போது வளையும். தண்டு பச்சையாக இருக்கிற வரைதான் இதெல்லாம். பழுப்பேறினால் அதன் வழிக்கு விட்டுவிட வேண்டியதுதான். திருப்பம் வருகிற இடத்தில் உள்பக்கம் கட்டை விரலை அண்டை கொடுத்துக்கொண்டு, ஒரே நாளில் முழு வளைவுக்குக் கொண்டுபோகாமல் இன்று கொஞ்சம், நாளன்றைக்குக் கொஞ்சம்.

கட்டுவதற்கு அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த நாடா. பைப்பைச் சுற்றி, ஒரு முறுக்கு விட்டு, பிறகு தண்டைச் சுற்றி, எட்டு வடிவத்தில். தண்டுப் பக்க வளையத்தில் சுண்டு விரல் நுழைய வேண்டும். வெல்டர் அன்பாக ஒரு சுருள் கட்டுக்கம்பி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைச் செடிப்பக்கமே கொண்டுபோகவில்லை. இந்தக் கொடி பருக்கிற வேகத்துக்கு அடுத்த மழைக்குள் கம்பி பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். வேட்டி நாடா ஒரு வருடத்தில் தானே மக்கி விழும், அதற்குள் கொக்கிகள் பிடித்துவிடும்.

பிப்ரவரியில் கணு தவறாமல் துளிர் வந்தது. ஒவ்வொரு பக்கத் துளிரும் ஒரு சாண் வந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளினேன், அது மேலும் இரண்டாகப் பிரியட்டும் என்று. பிப்ரவரிக் கடைசியோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கத்தரி தொடக் கூடாது.

பூ

ஏன் தொடக் கூடாது என்றால், ரங்கூன் மல்லி அந்தந்தப் பருவத்துப் புதுத் துளிரின் நுனியிலும் நுனியை ஒட்டிய கணுக்களிலும்தான் பூக்கும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் நுனியை எடுத்தால் எடுப்பது பூவைத்தான். எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒருமுறை வருகிற தோட்டக்காரர் ஒருவர் வேலிச்செடி வெட்டுகிற பெரிய கத்தரியோடு எல்லா வீட்டுக் கொடியையும் சதுரமாக முடி வெட்டிவிட்டுப் போவார். பார்க்க நறுக்கென்று இருக்கும். அந்த வீடுகளில் எப்போதும் பச்சைச் சுவர்தான், பூ கிடையாது. எங்கள் வீட்டுக்கும் வந்து, "இது என்ன சார் தலைவிரி கோலமா இருக்கு, அம்பது ரூபா குடுங்க, நீட்டா பண்ணிடறேன்" என்றார். காபி கொடுத்து அனுப்பினோம்.

சித்திரை பிறந்து சில நாளில் முதல் கொத்து, கேட் தாழ்ப்பாளின் உயரத்தில். உச்சியில் இல்லை. அதில் எனக்கு இருந்த சந்தோஷம் வீட்டில் வேறு யாருக்கும் புரியவில்லை, போகட்டும்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் விரிகிற வெள்ளைப் பூவில் வாசனை தூக்கும். வெள்ளையும் வாசனையும் இரவில் வருகிற பெரிய அந்துப்பூச்சிகளுக்காக. குழல் அவ்வளவு நீளம். நீண்ட உறிஞ்சுகுழல் இருக்கிற பூச்சிக்குத்தான் தேன் எட்டும். நிறம் மாறிய பிறகு பகலில் தேனீ, தேன்சிட்டு எல்லாம் வந்தன. அம்மா உதிர்ந்த பூக்களின் குழலை மரமல்லிப் பூவைப் பின்னுவது போல நாரில்லாமலே சடையாகப் பின்னிப் பார்த்து, சாமி படத்துக்குப் போட்டார். ஜாதிமல்லிக் கட்சி இப்படித்தான் எங்களோடு கூட்டணி சேர்ந்தது.

ஒரு கொத்து முடிந்ததும் அதன் கீழே இரண்டு ஜோடி இலை தள்ளி வெட்டினால் போதும், மறுபடி துளிர்த்துப் பூக்கும். இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. சாயங்காலம் கேட் பூட்டப் போகும்போது கையில் கத்தரி இருந்தால் சரி. வெட்டு நேராக இருக்கட்டும், கணுவுக்குக் கால் அங்குலம் மேலே. சாய்த்து வெட்டச் சொல்வது ஒற்றை ஒற்றையாக மொட்டு வருகிற ரோஜா மாதிரியான செடிகளுக்கு. எதிரெதிர் மொட்டு உள்ள செடியில் சாய்த்தால் ஒரு பக்கத்து மொட்டு வெட்டுவாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வந்து காய்ந்துபோகும்.

உரம்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம், அவ்வளவே. யூரியா போட்டால் தழைத்துத் தள்ளும், பூ குறையும். பூச்சி என்று பார்த்தால் மே மாதம் நுனிகளில் மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சியடித்து, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சாயங்காலத்தில் தெளித்ததில் அடங்கியது. அடித்தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். எறும்பு போகாமல் மாவுப்பூச்சி போகாது.

மழைக்கு முன்

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும், புயலும் அப்போதுதான். அதனால் புரட்டாசிக் கடைசியில் ஒரு வெட்டு. இது அழகுக்கு இல்லை, எடை குறைக்க. வெளிப்பக்கம் தொங்குகிற நீளக் கிளைகளையும், உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தவற்றையும் எடுத்தேன். ஆர்ச்சின் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கத் தெரு ஆங்காங்கே தெரிய வேண்டும். அந்த அளவுக்கு இடைவெளி இருந்தால் காற்று உள்ளே புகுந்து போய்விடும்.

இதற்குள் ஒரு கிளை கேபிள் டிவி ஒயரைக் கண்டுபிடித்து அதில் போய்க்கொண்டிருந்தது. கேபிள் ஒயர் பரவாயில்லை. மின்கம்பி பக்கத்தில் இருக்கிற வீட்டில் இந்தக் கொடியை வைக்கவே வேண்டாம் என்பேன்.

பொங்கல் முடிந்த பிறகு

பெரிய வெட்டு தையில். மழை ஓய்ந்து, பூ குறைந்து, செடி சற்று அடங்கியிருக்கிற நேரம். புதுத் துளிர் கிளம்புவதற்கு முன்.

முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை. கொக்கிகள் இப்போது நன்றாகக் கடினமாகியிருந்தன. கத்தரியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டேன். ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: வெட்டிய கிளையை இழுக்காதீர்கள். கொக்கி எல்லாவற்றையும் பிடித்திருக்கும், இழுத்தால் நல்ல கொடியும் கிழிந்து வரும். வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு நாளில் வெட்டுப்பட்டதன் இலைகள் மட்டும் வாடித் தொங்கும். எது உயிருள்ளது, எது வெட்டியது என்று தூரத்திலிருந்தே தெரியும். பிறகு வாடியதை ஓரடித் துண்டுகளாக நறுக்கி உருவினால் சண்டை போடாமல் வரும். வீட்டுக்கு வந்தவர்கள் "ஐயோ, செடி பட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

முதலில் காய்ந்த தண்டுகள். அடுத்து பென்சிலைவிட மெல்லியதெல்லாம். பிறகு முதன்மைக் கொடி இரண்டையும் தொடாமல், அவற்றிலிருந்து கிளம்பிய பக்கக் கிளை ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று கணு மட்டும் விட்டுக் குறைத்தேன். அந்தக் குட்டைகளிலிருந்துதான் வரும் சித்திரைக்கான துளிர் வரும். முடித்தபோது பைப்பும் நார்க்கயிறும் எலும்பும் தோலுமாகத் தெரிந்தன. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடியில் விட்டிருந்த குட்டைகளில் ஒன்று சோம்பேறியாக நின்றது, அதை மட்டும் ஒரே கணுவுக்கு இறக்கினேன். மாசி பாதியில் அதுவே முதலில் துளிர்த்தது.

வேர்க்கன்று விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தாய்ச்செடியிலிருந்து ஓரடி, இரண்டடி தள்ளியெல்லாம் வேரிலிருந்து கன்று கிளம்பும். தரை மட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக வரும். மண்ணைப் பறித்து, அது வேரில் சேர்கிற இடம் வரை போய்ப் பிய்த்தெடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வேர் வந்தால் பையில் வைத்து யாருக்காவது கொடுக்கலாம். மாமி வீட்டுக்கு ஒன்று போயிருக்கிறது. இப்போது அது புதராக நிற்கிறது, அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தடி அகலத்தில் கொடி இதுவரை ஆறேழு அடியை மூடியிருக்கிறது. மறுபக்கக் கால் வெறுமைதான். ஒரே செடியை அங்கே வரை இழுத்துக் கீழே இறக்குவதைவிட அந்தக் காலுக்குத் தனிச்செடி நல்லது. அதற்காக அடிக்கிளை ஒன்றைத் தரையோடு வளைத்து, ஒரு கணுவின் கீழ்ப்பட்டையை லேசாகச் சீவி, மண் போட்டு மூடி, மேலே செங்கல் வைத்துப் பதியம் போட்டிருக்கிறேன். இழுத்துப் பார்த்தால் பிடி கொடுக்கிறது, வேர் விட்டிருக்கிறது. ஆடியில் பிரித்து நட வேண்டும். அந்தப் பக்கத்துக் குழியில் ஓரடி ஆழத்திலேயே பழைய அஸ்திவாரக் கருங்கல் ஒன்று தட்டுப்படுகிறது. அதை எடுக்கக் கடப்பாரையோடு ஒரு ஆள் சொல்லியிருக்கிறேன்.